ஓட்டை விழ நினைத்த சட்டி

தளம் போடுகிற அன்று சாந்துச் சட்டிக்கு மூச்சுவிட நேரமில்லை. கலவையைச் சுமந்துகொண்டு கைமாறிக் கைமாறி மேலே போகும். கவிழ்த்த கையோடு கீழே மணல் குவியலில் வந்து விழும். மேலே என்ன உருவாகிறதென்று நின்று பார்க்க யாரும் அதை விட்டதில்லை.

சாயங்காலம் அது கொத்துக்கரண்டியிடம் பொரிந்து தள்ளியது. "போதும்க்கா! ஒரு ஓட்டை விழுந்து பழைய இரும்புக் கடைக்கே போயிடறேன். உனக்கென்ன, போட்டதைத் தடவித் தடவிப் பார்த்துக்கிட்டு ராணி மாதிரி இருக்கே!"



மறுநாள், தளம் வெடிக்காமல் இறுக, அதன் மேல் தண்ணீர் தேக்கச் சுற்றிலும் வரப்பு கட்டினார்கள். கொத்தனார் கரண்டியை வரப்பின் மேலும் சட்டியை உள்ளேயும் மறந்து வைத்துவிட்டு இறங்கிப்போனார். குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் ஏற ஏற, சட்டி மெல்ல எழும்பி மிதந்தது. தெளிந்த தண்ணீருக்கு அடியில், ஒரு கோணல் இல்லாமல் தளம் விரிந்து கிடந்தது.

"அக்கா, இவ்வளவும் நான் கொண்டுவந்ததா?"

"பின்னே, பறந்தா வந்தது?"

காற்று தள்ளத் தள்ள, சட்டி மூலைக்கு மூலை சுற்றி வந்தது.

"ஓட்டை விழப்போறேன்னியே, எப்போ?" என்றது கரண்டி.

"போக்கா! அடுத்த மாடிக்கு எப்போ தளம் போடுறாங்க, அதைச் சொல்லு."