ஒருவழிக் கதவு

சக்கர நாற்காலியில் மாமியார் இருந்தாள். அதைத் தள்ளி வந்த மருமகள் சுவரில் சாய்ந்து நின்றாள். மகன் டாக்டரின் எதிரே உட்கார்ந்தான்.

"இதய வால்வு ஒருவழிக் கதவு மாதிரி. ரத்தம் போனதும் மூடிக்கணும். இது சரியா மூடல. போன ரத்தத்துல பாதி திரும்பி வருது. செஞ்ச வேலையையே திரும்பத் திரும்பச் செஞ்சு இதயம் களைச்சுப் போச்சு," என்றார் டாக்டர்.

"கவலைப்படாதீங்க டாக்டர். அம்மாவை என் பொண்டாட்டி ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போட விடமாட்டா."

"அம்மாவுக்கு வெறும் முட்டிவலிதான். மூச்சு வாங்குதேன்னு போன தடவை உங்க மனைவிக்கும் ஸ்கேன் எடுத்தோமே, நான் அதைச் சொல்றேன்."

மாமியார் கைப்பிடியை ஊன்றி எழுந்தாள்.

"இதுல உக்காரும்மா," என்று மருமகளை அமர்த்திவிட்டு மகன் பக்கம் திரும்பினாள்.

"என்னடா பாக்கறே? எந்திரிச்சு வந்து தள்ளு."