தவறாத குளிசை

நெளுக்குளம் கிளினிக்குக்குப் பெரிய டொக்டர் வந்திருந்தார். குடும்பநல உத்தியோகத்தர் வடிவம்மா, பரிசு வாங்கப் போகிறவரைப் போலப் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, ஸஹ்றாவை முன்னே தள்ளினார்.

“சேர், இந்தப் பிள்ளையின்ரை மனுசன் லொறிக்காரன். சொல்லாமல் கொள்ளாமல் வருவான். அவன் போன கையோடை இவ பார்மசிக்கு ஓடி, பிள்ளை தங்காமலிருக்க அவசரக் குளிசை வாங்குவா. நான் ஏசி ஏசித் திருத்தினனான். போன வருசத்திலயிருந்து தினக்குளிசைதான். ஒருநாளும் தவறினதில்லை. சொல்லு பிள்ளை!”

“ஓம் மிஸ்ஸி. ஒருநாளும் விடேல்லை.”

“பாத்தீங்களோ சேர், என்ரை வேலையை!”

டொக்டர் மெச்சித் தலையாட்டினார். “மனுசனுக்கும் சந்தோசந்தானே, தங்கச்சி?”

“தெரியாது சேர். போன வருசம் பளைக்குச் சாமான் ஏத்திக்கொண்டு போனவர். சண்டை துடங்கிப் பாதை பூட்டினதோடை அவரைப் பற்றி ஒரு கதையும் இல்லை.”

ஏசத் தெரிந்த வடிவம்மாவுக்கு இதைக் கேட்கத் தோன்றியதே இல்லை.

“அப்ப... ஏன் பிள்ளை இன்னும் குளிசை போடுறாய்?”

“விட்டா, அவர் வரமாட்டாரெண்டு நானே முடிவெடுத்த மாதிரியெல்லோ, மிஸ்ஸி.”

வடிவம்மா அடுத்த மாதக் குளிசை அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார்.