முடி முளைக்கும் வரை

"ஏங்க, இன்னிக்கு வேணாம். உங்களுக்குக் கண்ணு சொருகுது" என்றாள் மனைவி, நாற்காலியில் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்தபடியே.

"வேணாம்னு சொல்றவ துணியை எதுக்கு அவிழ்க்கறே?" என்றான் மெக்கானிக். பஸ் டிப்போவில் நாள் பூராவும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த முதுகு, நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பின்னால் நின்றான்.

புற்றுநோய் மருந்து அவள் முடியை மொத்தமாகக் கொண்டுபோயிருந்தது. மருந்தை நிறுத்தி மாதக்கணக்காகியும் தலை வழவழவென்றே இருந்தது. பிசியோதெரபி அம்மாதான் இந்த வழியைச் சொன்னார். "தோலுக்கு அடியில நூல் மாதிரி நிணநீர்க் குழாய்ங்க ஓடுது. அதுல ஓட்டம் நல்லா இருந்தா முடி வேரும் முழிச்சுக்கும்னு இப்பச் சொல்றாங்க. மெல்லத் தடவிவிடுங்க. முளைச்சதும் நிறுத்திடலாம்." அவன் தடவிய அழகைப் பார்த்துவிட்டு, "என்ன சார், நட்டு முறுக்கறீங்களா?" என்று திட்டவும் செய்தார்.

உச்சியிலிருந்து காதோரம், காதோரத்திலிருந்து கழுத்து. கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னிக்கு யாரோட சண்டை?" என்றாள்.

"சூப்பர்வைசரோடதான். அந்த ஆளுக்குப் பிரேக்குக்கும் ஹாரனுக்கும் வித்தியாசம் தெரியாது."

அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் இப்படியெல்லாம் பேசியதுண்டு. அப்புறம் அவன் ஷிஃப்ட், அவள் தையல் வேலை, பிள்ளைகள் என்று ஆகி, "சாப்பாடு போடு", "கதவைச் சாத்து" தவிர வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

"ஏதாச்சும் முளைச்சிருக்கா?"

"ஒண்ணையும் காணோம்."

"எனக்கே அலுத்துப்போச்சு. உங்களுக்கும் எவ்வளவு கஷ்டம். விட்டுடலாமா?" அவள் குரல் இறங்கியிருந்தது.

"முளைக்கட்டும், விட்டுடறேன்."

அவள் டீ போட எழுந்து போனாள். அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தான். இன்றைக்குக் காதோரத்தில் புதுக் கீறல் ஒன்று விரலில் பட்டிருந்தது.

தினமும் அவன் வருவதற்குள் தலையை மழித்துக்கொள்ள, துணிகளுக்கு அடியில் அவள் ஒளித்து வைத்திருந்த ரேசரை எடுத்து, மழுங்கிய பிளேடைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்தான்.