கல்லாற்றில் கேட்ட குரல்

கல்லூரி புராஜெக்டுக்காக, கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் சூடாமணி மாமியின் பழைய நினைவுகளைப் பதிவு செய்ய ஸ்மிதா வந்திருந்தாள். மாமி பேசத் தயங்கினாள். மற்றவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று காட்ட, போன ஞாயிற்றுக்கிழமை கல்லாற்றில் டீக்கடை ரத்னாபாயிடம் எடுத்த பதிவைப் போன் ஸ்பீக்கரில் போட்டாள்.

ரத்னாபாய் வெள்ளம் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஓர் ஆண்குரல், "ரத்னா, எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்றது.

ரத்னாபாய் சிரித்தாள். "அது எனக்குத் தெரியாதா?"

அந்தச் சிரிப்பு ஸ்மிதாவுக்கு நினைவிருந்தது. ஆனால் அந்த ஆண்குரலை அவள் அங்கே கேட்கவில்லை.

"எங்காத்துக்காரர்" என்றாள் மாமி.

மாமியின் கணவர் சாம்பசிவன் இறந்து ஆறு வருடமாகிறது.

"அங்கே வேற ஆரும் இல்லை மாமி."

"உசிரோட இருக்கறச்சே ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டுக் கல்லாறு போவார். நம்பினேன்" என்றாள் மாமி. "வருஷா வருஷம் திவசத்துக்கு எலை போட்டுக் காத்துண்டிருக்கேன். இங்கே ஒரு நாள்கூட வரலை."

ஸ்மிதா பதிவை நிறுத்தப் போனாள். மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. அங்கேர்ந்து எப்போ கெளம்பறார்னு கேக்கறேன்."