இடது இருக்கை

கையை வெளியே நீட்டி, போ என்று காட்டினான்.

பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த கறுப்பு வண்டி உறுமியபடி தாண்டிப் போனது. இந்தச் சுற்றில் அவனைத் தாண்டிய நான்காவது வண்டி.

போகட்டும்.

ஐம்பது வயதில் இப்படி எல்லோருக்கும் வழிவிடுவது அவனுக்கு வலிக்கவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

போன வருடம் வரை இதே பந்தயத் தடத்தில் அவனை யாரும் எளிதில் தாண்டியதில்லை. அப்போது வைத்திருந்தது நானூற்றைம்பது குதிரைத்திறன். கியர் தானாக மாறும். மிதித்தால் முதுகு இருக்கையோடு அப்பிக்கொள்ளும்.

இது நூற்றுப்பத்து. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, பழைய, சின்ன வண்டி. ஒவ்வொரு கியரையும் கையால்தான் போட வேண்டும்.

இங்கே ஓட்ட வருகிற, நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில் நடத்தும் சிபிச்சக்கரவர்த்தி காலையில் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தான். "இதுக்கு வூட்லயே இருந்திருக்கலாமேண்ணா."

இவன் சிரித்து வைத்தான்.

இதில் தப்புச் செய்தாலும் அது சின்னத் தப்பாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் வாங்கினான். யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

சுற்றை முடித்து, கூரைக்கு அடியில் வண்டியை நிறுத்தினான். இறங்கும்போது முட்டி பிடித்துக்கொண்டது.

சுகந்தி எதிரில் வந்து நின்றாள். கையில் ஹெல்மெட்.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவன் மனைவி இன்றைக்குத்தான் இங்கே வருகிறாள். காலையில் "நானும் வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

கடைசியாக வந்த அன்றைக்கு அவள் அவனுக்குப் பக்கத்தில், இடது இருக்கையில் இருந்தாள். நீண்ட நேர்ப்பாதை முடிகிற இடத்து வளைவு. அந்தப் பெரிய வண்டியின் பின்பகுதி விலகியது. இரண்டு முறை சுழன்று, இடது பக்கமாகச் சுவரில் போய் மோதியது.

அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவளுக்கு இடது தோள்பட்டைக் காறை எலும்பு மூன்றாக உடைந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள்.

தடத்தில் எண்ணெய் கிடந்தது, வழுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னான். மாமனாரிடம். டாக்டரிடம். விடுதியிலிருந்து அழுதுகொண்டே வந்த மகளிடம். சொல்லச் சொல்ல அவனுக்கே அந்த எண்ணெயின் பளபளப்பு கண்ணில் தெரிய ஆரம்பித்தது.

சுகந்தி கட்டிலில் படுத்தபடி ஒவ்வொரு முறையும் அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாவியக் குடுங்க" என்றாள் இப்போது.

அவள் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் கட்டுவது. அவன் தடத்தில் இருந்தபோதே பதிவு மேசைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"கை?"

"கை நல்லாத்தான் இருக்குது."

பதினெட்டு வருடம் தினமும் பொள்ளாச்சிப் பள்ளிக்கூடத்துக்குக் கையால் கியர் போடும் காரில் போய் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். விபத்துக்குப் பின் சக ஆசிரியை ஒருத்தியின் காரில் போய்வருகிறாள்.

சாவியைக் கொடுத்தான். சுற்றிவந்து இடது பக்கம் ஏறினான். இந்த வண்டியில் அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்ததே இல்லை.

பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

முதல் வளைவை நிதானமாகத் திருப்பினாள். இரண்டாவதையும்.

அவன் சாலையைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கியரைப் பின்னால் இழுக்கும்போது ஒன்றுமில்லை. மூன்றாவதுக்கு முன்னால் தள்ளும்போதெல்லாம் உதட்டைக் கடித்தாள்.

ஒவ்வொரு முறையும்.

கியர் தானாக மாறும் அந்தப் பெரிய வண்டியாக இருந்திருந்தால் அவள் கைக்கு வேலையே இருந்திருக்காது. அது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

நேர்ப்பாதை வந்தது. நான்காவது கியர். என்ஜின் தொண்டை கிழியக் கத்தியது. அவனுடைய வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது.

அந்த வளைவு தெரிந்தது. சுவரில் புது வெள்ளை அடித்திருந்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டான்.

பிரேக் பிடித்தது. கிளட்ச் அமுங்கியது. அவள் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. கியர் மூன்றாவதில் போய் விழுந்தது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்தது.

கண்ணைத் திறந்தபோது சுவர் பின்னால் போயிருந்தது.

"அன்னிக்கு எண்ணெய் கிடக்கல, சுகந்தி."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தன் குரலே யாரோ பேசுவதுபோல் இருந்தது. அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

அடுத்த வளைவைத் திருப்பி முடித்த பிறகு சொன்னாள்.

"தெரியுமுங்க. சக்கரம் வழுக்காம புடிக்கிறத நீங்க பட்டன அமுத்தி நிறுத்துனப்ப நான் பாத்துட்டுத்தான இருந்தேன்."

கோபமில்லை. பரீட்சைத்தாளில் தப்பைச் சுழிக்கிற குரல்.

அவன் தன் முழங்காலைப் பார்த்தான். கேட்க வேண்டியது நிறைய இருந்தது. பதினான்கு மாதம். மருந்து எடுத்துக்கொடுத்த ராத்திரிகள். தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டது. அத்தனையிலும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"பாப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

தலையாட்டினான்.

வெளியே போகிற வழி இடது பக்கம் வந்தது. போதும், கை வலிக்கும், திருப்பு என்று சொல்ல வாயெடுத்தான்.

அவள் நேராக அடுத்த சுற்றுக்கு விட்டாள்.