துளசிமணி வைரஸ்

"கிடைச்சிருச்சும்மா!" என்று கூவிக்கொண்டே வார்டுக்குள் பாய்ந்தாள் மதுவந்தி. கல்லூரி மாணவர்கள் ஆளுக்கொரு சாக்கடையை அலசி, கிருமிகளைக் கொல்லும் வைரஸைத் தேடித் திரிந்த காலம் அது. எந்த மருந்துக்கும் மசியாமல் அம்மாவின் காலை அரித்துக்கொண்டிருந்த கிருமியை, அவள் பிடித்த வைரஸ் ஆய்வகத் தட்டில் அடியோடு துடைத்துவிட்டது!

"நோயாளி வைரஸ் பேரைச் சொல்லிச் சம்மதிச்சா உடனே ஊசிதான்" என்றார் டாக்டர்.

"என்ன பேரு கண்ணு?" என்று மகளைக் கேட்டாள் அம்மா.

மதுவந்தி கட்டிலை விட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். யார் வீட்டுச் சாக்கடையோ, அவர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்பது விதி.

"துளசிமணி."

அம்மா கடுகாய் வெடித்தாள். ஏழு வருஷமாய்ப் பேச்சுவார்த்தையே இல்லாத நாத்தனார்!

"அவ பேரை என் வாயால சொல்றதா? காலே போனாலும் போகட்டும்!"

"நாளைக்கு நிஜமாவே எடுத்துருவாங்கம்மா!" மதுவந்திக்கு அழுகை முட்டியது.

டாக்டர் படிவத்தைப் புரட்டினார். "முழுப் பேரையும் சொல்லணும்மா. 'சாக்கடைத் துளசிமணி'ன்னு பதிவாகியிருக்கு."

அம்மாவின் முகம் பூவாய் மலர்ந்தது.

"சாக்கடைத் துளசிமணி!" வார்டே திரும்பிப் பார்த்தது. "சத்தமா சொல்லணுமா டாக்டர்? இன்னொருக்கா சொல்றேனுங்க!"