படக் கண்ணாடியில் ஒரு வட்டம்

அம்பிட்டிய மலைச்சரிவிலிருந்த அந்த வீட்டில் செபமாலை நேரத்திலும் டி.வி.யை நிறுத்துவதில்லை; சத்தத்தை மட்டும் அடக்கிவிடுவார்கள். சுவக்கினுக்குத் தன் துப்பறியும் தொடர் தவறிவிடக் கூடாது. உயரத்தில் ஒளிந்திருந்து ஆட்களைச் சுட்டுத்தள்ளும் ஒருவனை அன்று பொலிஸ் தேடிக்கொண்டிருந்தது.

அவரும் மனைவி டொரதியும், சிவப்பு பல்ப் எரிந்த திரு இருதயப் படத்தின் முன் முழந்தாளிட்டார்கள். படத்தின் கண்ணாடியில் பின்னாலிருந்த டி.வி. மங்கலாகத் தெரியும். செபத்தின் பாதியில் டொரதி அதைக் கவனித்தாள். துப்பாக்கிக் குறிபார்க்கும் கண்ணாடியின் வட்டம். அதற்குள் ஒரு ஜன்னல், சிவப்பு பல்ப், முழந்தாளிட்ட இரண்டு முதுகுகள். குறிவட்டத்தின் சிலுவைக்கோடு ஆணின் பிடரியில் நின்றது. அவன் போட்டிருந்ததும் சுவக்கினின் கட்டம்போட்ட சட்டைதான்.

"என்னங்க, டி.வி.யப் பாருங்க."

சுவக்கின் திரும்பினார். "சவுக்கார விளம்பரம்தானே போவுது? செபத்துல கவனம் வை."

அவளும் திரும்பினாள். சவுக்கார விளம்பரம்தான். டி.வி.க்கு மேலே ஜன்னல் திறந்திருந்தது, அதற்கப்பால் எதிர்மலை. மறுபடி படத்தைப் பார்த்தாள். வட்டம் அப்படியே இருந்தது.

"அத நிப்பாட்டுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

முணுமுணுத்தபடி எழுந்துபோய் நிறுத்தினார்.

"நிப்பாட்டியாச்சு. விட்ட எடத்துலருந்து சொல்லு."

திரை கறுத்திருந்தது. படக் கண்ணாடியில் வட்டம் கறுக்கவில்லை. அதற்குள் இப்போது ஒருத்தி மட்டும் முழந்தாளிட்டிருந்தாள், தலையில் டொரதியின் லேஸ் முக்காட்டோடு. சிலுவைக்கோடு மெதுவாக நகர்ந்துவந்து அந்த முக்காட்டின் நடுவில் நின்றது.